வேஷம் கலைக்கும் வார்த்தை

என் அக்காவுக்கு அழுவதுதான் வேலை. கேலிக்குச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்து நாடகத் துறையில் அதற்கென்றே அவளுக்குச் சம்பளம். "அழுத பிள்ளைக்குத்தான் பால்னு சொல்வாங்க, அதுக்கு நான்தான் சாட்சி" என்று அவளே சிரிப்பாள்.

நாடகத் துறை என்றால் மேடை, திரை, வசனம் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே ஒரு பேராசிரியை அதை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நிகழ்த்துகை ஆய்வு என்று பெயர். கோர்ட்டில் வக்கீல் வாதாடுவது, கடையில் பேரம் பேசுவது, வீட்டில் சண்டை போடுவது எல்லாமே பாடமாம். "அப்ப என் மாமியாருக்கு நேரா டாக்டர் பட்டமே குடுத்துடலாமே" என்றேன். அக்கா என் தலையில் குட்டினாள்.

அந்தப் பேராசிரியைதான் மருத்துவக் கல்லூரியோடு பேசிப் புது வகுப்பு ஒன்றைத் தொடங்கினாள். சாவுச் செய்தியைச் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று, டாக்டராகப் போகிற பிள்ளைகளைப் பழக்கும் வகுப்பு. செய்தியைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமே. மேடையில் சின்னச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டார்கள். ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு குவளைத் தண்ணீர். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் மற்ற மாணவர்கள். அக்கா ஒரு நாள் தாய், ஒரு நாள் மனைவி. பிள்ளைகள் திக்கித் திணறிச் சொல்வார்கள், அவள் உடைந்து அழுவாள்.

வகுப்பில் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. வேஷத்தைக் கலைக்காமல் யாரும் வெளியே போகக் கூடாது. அழுது முடித்ததும் அக்கா அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, "முடிஞ்சது. நான் நல்லா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை துக்கத்தை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போய்விடுமாம்.

எனக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. "ஊரான் வீட்டு எழவையெல்லாம் எதுக்குக்கா நீ தலையில போட்டுக்கறே?" என்று கத்துவேன். அத்தான் அவள் பக்கம். அவர் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்ததும், "இன்னைக்கு என்னை எத்தனை தடவை சாகடிச்சே?" என்பார். "உங்களை இல்ல, அது வேற புருஷன்" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தானுக்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். அதே கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "நான் வர்ற வரைக்கும் அழுது வைக்காதே, இங்க சம்பளம் கிடையாது" என்றார். அவருடைய செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையில் போனவர். மத்தியானமும் தாண்டியது. அவர் பிழைத்து வந்தால் போதும், இனி அந்த வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று நான் வேண்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு சின்னப் பெண் டாக்டர் வந்தாள். அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அக்காவிடம் சொல்லிப் பழகிய பிள்ளைதான். எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் நாற்காலிகள், ஒரு குவளைத் தண்ணீர். எங்களை உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தாள். "அம்மா, ஒரு கஷ்டமான செய்தி சொல்லணும்" என்றாள். வகுப்பில் பழகியபடியே, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அவர் இறந்துட்டார்மா."

நான் அலறிவிட்டேன். அக்கா அழவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்தான் அடக்கமாட்டாமல் அழுதாள். அதைப் பார்த்ததும் அக்காவின் கை தானாக நீண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"முடிஞ்சது" என்றாள். "நான் நல்லா இருக்கேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிக் கண்ணாடியைத் தேடினாள். நான்கு பக்கமும் வெறும் சுவர்தான் இருந்தது. மடியில் இருந்த பையைத் திறந்து பார்த்தாள்.

"செருப்பு என்கிட்ட இருக்கேடி. வெறுங்காலோட எப்படிப் போனார்?"