தலகாணியைக் கீழ போடு

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசி ஏறியது தெரிவதற்குள் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிடுவாள், அப்படி ஒரு கை. ஒரு காலத்தில் அது கடிவாளம் பிடித்த கை என்றால் யார் நம்புவார்கள்? வயது நாற்பத்தொன்பது. மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கும். நாலு படி ஏறினால் "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு. இவளாவது, குதிரையாவது!

ஆனால் உண்மை அதுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஊர்க்கோடி லாயத்தில் சவாரி செய்தவள். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு தடுப்பைத் தாண்டும்போது மகாராணி என்ற பெண்குதிரையோடு சேர்ந்து விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. எலும்பு ஆறு மாதத்தில் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் வேலை, வீடு, படுத்த படுக்கையான மாமியார் என்று ஒவ்வொன்றாக வந்து மறித்துக்கொண்டதில் லாயத்துப் பக்கமே போகவில்லை.

அவள் விழுந்த அன்று வேலியோரம் நின்று பார்த்தவர் அவள் கணவர். கடிகாரம் ரிப்பேர் செய்பவர். அன்று முதல் காலண்டரில் குதிரைப் படம் இருந்தால்கூட மாதம் முடிவதற்குள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் லாயக்காரர் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்து கையை நீட்டினார். மகாராணி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதுதான் தாமதம், மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"கால் வீங்கி ஒரு வருஷமா சும்மா நிக்குது. இப்ப சரியாயிடுச்சு. தினமும் நிதானமா ஓட்டுங்கன்னு மாட்டு டாக்டர் சொல்றாரு. என்கிட்ட வர்றவங்க எல்லாம் விரட்டுற ஆளுங்க. ஆள் கிடைக்கலைன்னா தூரத்துப் பண்ணைக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

"நான் வரேன் அண்ணா."

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இருபது நிமிஷம் நடை, மெல்லோட்டம் ரெண்டும் உட்கார்ந்து காட்டு. மூணு மாசம் தரேன். முடியலைன்னா அனுப்பிடுவேன், வருத்தப்படாத."

அன்றிலிருந்து அவள் லிஃப்டைத் தொடவில்லை. மூன்று மாடியும் படிதான். ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டும்போது ஒற்றைக் காலில் நின்றாள். சாயங்காலம் சோபாவின் கைப்பிடிமேல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தடித் தலையணையை வைத்துப் பல்லைக் கடித்து அழுத்துவாள். இதை யாரும் சொல்லித்தரவில்லை. அவளே கண்டுபிடித்த மகா வித்தை.

கணவர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் நிறுத்துகடிகாரத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்னமோ பண்ணித் தொலைக்கிற. அதைக் கரெக்டா பண்ணு."

ஒரு நிமிடத்தில் ஆரம்பித்தார்கள். முடிந்ததும், "போதும்! தலகாணியைக் கீழ போடு!" என்பார். அவள் முழங்கால்கள் விலகும், தலையணை தொப்பென்று விழும். ஒரு நிமிடம் ஐந்தாயிற்று, பத்தாயிற்று. தலையணைப் பஞ்சு செத்து அட்டையாகிவிட்டது. ராத்திரி அதில் தலை வைத்துப் படுப்பவர் அவர்தான், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. "நான் வரல" என்று முதல்நாள்வரை சொன்னவர், விடிந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். "நேரம் பார்க்க ஆள் வேணாமா?"

மகாராணி அவள் சட்டைக் கையை மோந்து பார்த்தது. ஸ்பிரிட் வாசனை பிடிக்கவில்லை போலும், ஒரு தும்மல் போட்டது. அவள் முக்காலியில் கால் வைத்து ஏறினாள். நடை பழுதில்லை. பத்து நிமிடம் முடிந்து மெல்லோட்டம் தொடங்கியதும் சேணம் குலுங்கியது. விழுந்த அந்த நாள் கண்முன் வந்தது. என்ன செய்வாள்? மூன்று மாதம் பழகியதைச் செய்தாள். முழங்கால்களால் ஒரே அமுக்கு.

சவாரி தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் இடம் இதுதான். காலால் அழுத்தினால் குதிரைக்கு 'ஓடு' என்று அர்த்தம். பதினோரு வருடத்தில் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. மகாராணி சொன்ன பேச்சைக் கேட்டது, பாவம். அது வேகமெடுக்க எடுக்க இவள் இன்னும் இறுக்கினாள். இவள் இறுக்க இறுக்க அது இன்னும் பறந்தது. வேலி மூலை நெருங்கிக்கொண்டிருந்தது.

"காலைத் தளர்த்து! காலைத் தளர்த்து!" என்று லாயக்காரர் கத்தினார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அப்போது வேலியோரத்திலிருந்து தொண்டை கிழிய ஒரு குரல் வந்தது.

"போதும்! தலகாணியைக் கீழ போடு!"

முழங்கால்கள் யோசிக்கவில்லை, விலகிவிட்டன. உடம்பு தானாகச் சேணத்தில் அமர்ந்தது. மகாராணி இரண்டு மூச்சு விட்டு வேகம் குறைந்து, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி மெல்லோட்டத்துக்கு வந்தது. அவள் இறங்கவில்லை. இன்னும் நாலு சுற்று சுற்றினாள், கால்கள் தளர, முதுகு நிமிர. கண்ணில் நீர் வந்தது, துடைக்கக் கை இல்லை.

அவள் வந்து நின்றதும் லாயக்காரர் கேட்டார். "எத்தனை நிமிஷம் சார்?"

கணவர் உள்ளங்கையை விரித்தார். கடிகாரத்தில் முள் நகரவே இல்லை. ஒரு நொடி பிசகினால் ஊரையே திட்டும் மனிதர், பொத்தானை அமுக்க மறந்திருந்தார்.

"நான் எங்கங்க நேரத்தைப் பார்த்தேன்? அவளைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

"நான் பார்த்தேன் சார். இருபத்திமூணு." லாயக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "மகாராணி எங்கயும் போகல. நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு. அந்தத் தலகாணிக்காரரையும் கூட்டிட்டு வா."

அவள் இறங்கும்போது கணவர் தோளைக் கொடுத்தார். பிறகு, பதினோரு வருடம் குதிரைப் படத்தைக்கூடப் பார்க்காதவர், கையை நீட்டி மகாராணியின் ஈரக் கழுத்தைத் தொட்டார்.

"இவளைப் பத்திரமா பார்த்துக்கம்மா" என்றார், குதிரையிடம்.