பொத்தானுக்கு வீடு பார்த்தோம்

என் அக்கா ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை மாற்ற இனிமேல்தான் ஒரு ஆள் பிறந்து வர வேண்டும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். தைத்து வரும் சட்டைகளில் குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. மேனேஜரே வந்து, "லாரி காத்துக்கிட்டிருக்கு, விட்டுடும்மா" என்று கெஞ்சினாலும் ஒட்டிய ஸ்டிக்கரை எடுக்க மாட்டாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ரிஜெக்ட். வீட்டில் நாங்களும் அப்படித்தான் சொல்வோம், அவள் காதில் விழாத தூரத்தில் நின்று.

அப்பேர்ப்பட்டவளுக்கே டாக்டர் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். வருஷக்கணக்காகப் பஞ்சுத் தூசியை இழுத்து நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது, இனி வீட்டில் நாய் முடி பறக்கவே கூடாது, பறந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அத்தான் போன பிறகு அக்காவுக்குத் துணையென்று இருந்தது பொத்தான் மட்டும்தான். பழுப்பு நாய், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று மடிந்திருக்கும். ராத்திரி அது கட்டிலின் கீழே படுத்தால்தான் அக்கா விளக்கை அணைப்பாள். அதைக் கொடுத்துவிட வேண்டும் என்றதும் எங்களிடம் அழுது புலம்புவாள் என்று நினைத்தேன். காருக்கு டயர் மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்பு. பொத்தானுக்கு வீடு பார்க்கப் போறோம்."

எனக்குச் சுருக்கென்றது. நான் இருப்பது இரண்டு தெரு தள்ளி. சுற்றுச்சுவர் இருக்கிறது, பின்னால் நிழல் இருக்கிறது. எனக்கு நாய் என்றால் ஆகாது, அது ஊரறிந்த விஷயம். அக்கா கேட்டால் என்ன சாக்குச் சொல்வது என்று நான்கைந்து தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. கேட்காதவளிடம் எப்படி மறுப்பது? முன்சீட்டில் பொத்தான் உட்கார்ந்துகொண்டது. நான் பின்னால், பைகளோடு பையாக.

முதலில் தம்பி வீடு. தம்பி மனைவி வாசலுக்கே ஓடிவந்தாள். அக்கா அவளிடம் நலம் விசாரித்தபடியே பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். சட்டையைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அவள் பழக்கம். வெளிப்பக்கம் எல்லோரும் நன்றாகத்தான் தைப்பார்கள் என்பாள். வீட்டுக்கும் அதே வைத்தியம்.

கொல்லையில் ஒரு கம்பம், அதில் பளபளவென்று புதுச் சங்கிலி.

"உனக்காகவே வாங்கிப் போட்டேன்க்கா. அது பாட்டுக்கு இங்க கிடக்கும், நமக்கும் தொந்தரவு இல்ல" என்றான் தம்பி பெருமையாக.

அக்கா சங்கிலியைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். அப்புறம் டீ குடித்தாள், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள், பொத்தானைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். தம்பி கார் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, "என்னக்கா குறை?" என்றான். சங்கிலி நல்ல சங்கிலிதான் என்றாள் அக்கா. அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்தது அவளுடைய பழைய சூப்பர்வைசர். தொழிற்சாலையில் எல்லோரும் விசில் என்று சொல்லும் மனிதர். நாய் வளர்ப்பதைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எந்த இனத்துக்கு என்ன தீனி, எப்போது ஊசி என்று ஒரு பிரசங்கமே நடத்தினார். நான் மயங்கிவிட்டேன். இவ்வளவு தெரிந்த மனிதர், பெரிய வீடு, காரியம் முடிந்தது, திரும்பிப் போகலாம் என்று காலை நீட்டினேன். அக்கா அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் போய் அவர் முழங்காலில் மூக்கை வைத்தது. அவர் பேச்சை நிறுத்தாமலே காலை நகர்த்தி, பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வரேன் சார்" என்று அக்கா எழுந்துவிட்டாள்.

காரில் நான் வாயைத் திறந்தேன். "இப்படியே ஒவ்வொருத்தரையும் தள்ளிக்கிட்டே போனா, இதை யார்தான் வச்சுக்குவாங்க? மூச்சு வாங்குது உனக்கு. பேசாம திரும்பிப் போலாம்."

"வீடு கிடைக்காம திரும்ப மாட்டேன்" என்றாள். இருமல் வந்து காரை ஓரங்கட்டினாள். இருமி முடித்து, மருந்தை உறிஞ்சிவிட்டு, மறுபடி கியரைப் போட்டாள். பிடிவாதத்தில் அவளுக்கு நிகர் அவள்தான். எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. இத்தனை பேரைப் பார்க்கிறாளே, கூடவே உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளே என்ற ஆத்திரம் வேறு.

கடைசியாகப் போனது வெளியூரில் ஒரு தையல்காரியின் வீட்டுக்கு. ஆள் ஒல்லி, அதனால் நூலு என்று பட்டப்பெயர். அக்காவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். அக்கா அதிகமாகத் திருப்பி அனுப்பியது அவள் தைத்த சட்டைகளைத்தான் என்று எனக்குத் தெரியும். போயும் போயும் இவளிடமா என்று இருந்தது.

முன்னறையில் தையல் மெஷின், சுற்றிலும் அளவு திருத்த வந்த துணிகள். அக்கா வழக்கம்போல நேராகப் பின்பக்கம் நடந்தாள். நூலு கையை நீட்டிக் குறுக்கே நின்றுவிட்டாள்.

"எங்க போற? நான் ஒண்ணும் உன் டேபிள்ல கிடக்கிற சட்டை இல்ல. என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லு."

அக்கா நின்றாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"பொத்தானை வச்சுக்கறியா? என்னால இனி முடியாது."

நூலு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படி வா வழிக்கு. எத்தனை நாள் என்னை அழ வச்சிருப்ப? இப்ப நான் பார்க்கறேன் செக்கிங்" என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பொத்தானை மடியில் இழுத்தாள். காதை மடக்கிப் பார்த்தாள். வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தாள். எதற்குப் பயப்படும், எந்தப் பக்கம் சொறிந்தால் பிடிக்கும், தனியாக விட்டால் அழுமா என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பாதமாகத் தூக்கினாள். பின்னங்காலில் விரலிடுக்கில் ஒரு முள் குத்தி, சுற்றிலும் சிவந்திருந்தது. தையல் பிரிக்கிற ஊசியை எடுத்து, நாய் சிணுங்குவதற்குள் அதை நெம்பி எடுத்துவிட்டாள்.

"இதை எப்படிடி விட்ட? நீயெல்லாம் ஒரு செக்கரு!"

அக்கா சிரித்தாள். கிளம்பியதிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, நூலு எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். பொத்தான் அந்த நேரத்தில் மெஷினுக்கு அடியில் போய், பெடலின் மேலேயே படுத்துக்கொண்டது. அன்று மாலை வரை நூலு மெஷினை மிதிக்கவில்லை. கிழிசல்களைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பின்பக்கம் போய்ப் பார்க்கவே இல்லை. கிளம்பும்போது பொத்தான் வாசல் வரை வந்தது. அக்கா குனிந்து அதன் மடிந்த காதைத் தடவினாள். "இருடா" என்றாள். அது இருந்துவிட்டது.

ஊர் எல்லை தாண்டும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். எனக்கு நாய் பிடிக்காதுதான். ஆனா நீ கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேனா? உன் மேல உயிரையே வச்சிருக்கேன். என் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காம ரிஜெக்ட் பண்ணிட்ட. என் வீட்டுல என்ன குறை?"

ரிஜெக்ட் என்ற வார்த்தையை அவள் காதுபட நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு குறையும் இல்ல. நடந்தே வந்துடற தூரத்துல இருக்கு. காலையில வந்து அதைத் தூக்கி மடியில வச்சுக்குவேன். சாயங்காலமும் வருவேன். என்னைத் தடுக்க உனக்கு மனசு வராது. டாக்டர் சொன்னது பலிச்சுடும்." மூச்சு வாங்கியது. பிறகு சொன்னாள்: "நான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்டி."