பாண்டிசெல்வியின் கை

ஃப்ளோர்பால் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, ஹாக்கி மட்டை மாதிரி லேசான மட்டை, உள்ளரங்கத் தரை. கோலைக் காப்பவளுக்கு மட்டும் மட்டை கிடையாது. நிற்கவும் முடியாது, முட்டி போட்டுத்தான் ஆட வேண்டும். முகத்துக்குக் கம்பிக் கவசம், முதுகுக்குப் பின்னால் வலை. கையை வைத்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்ற வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கல்லூரிக்கு அப்படி முட்டி போட்டவள் சுந்தரபாண்டியத்துப் பாண்டிசெல்வி. அவளுக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடியவள் நான், ஜெயசித்ரா.

கை வைப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. உள்ளங்கை பந்தைப் பார்க்க வேண்டும், விரல் அகல விரிந்திருக்க வேண்டும். பிடிக்கிறேன் பேர்வழி என்று கையை வீசினால் அக்குளுக்குக் கீழே ஒரு சந்து திறக்கும். பந்துக்கு அது போதும். மற்றவர்கள் வீசுவார்கள். செல்வி வீசவே மாட்டாள். அவள் கையில் பட்டுப் பந்து செத்து விழும்.

அந்தக் கைக்குத்தான் சனி பிடித்தது. ஆனி மாதம் தாய்மாமன் மகன் மாரீஸ்வரனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். அவளிடம் கேட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், கோபம் வரும். மாப்பிள்ளையின் அம்மா சீனியம்மாள் அத்தை, ஆடிப்பூரத்துக்கு வந்தபோது கோயில் கடையில் கண்ணாடி வளையல் வாங்கி இரண்டு கையிலும் அடுக்கிவிட்டார். பேசி முடித்த பெண் தாலி ஏறும்வரை கையை வெறுமையாக வைக்கக் கூடாதாம். ஒன்று உடைந்தாலும் மாப்பிள்ளைக்கு ஆகாதாம். கல்யாணம் தையில், அதோடு படிப்புக்கும் முழுக்கு. செல்வி அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். கடைசியில் அவள் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

"மாநில டீம்ல உம் பேரு வரட்டும், படிச்சு முடிக்க வரைக்கும் கல்யாணத்தத் தள்ளி வைக்கேன். வரலன்னா பொறவு வாயத் தெறக்கக் கூடாது."

தேர்வு ஆட்டம் ராஜபாளையத்தில் நடந்தது. நகையோடு ஆட நடுவர் விடமாட்டார். வளையலைக் கழற்ற அவள் அம்மா செல்லக்கனி விடமாட்டார். அவருக்கு பேண்டேஜ் கம்பெனியில் வேலை, வீட்டில் அந்தத் துணிக்குப் பஞ்சமில்லை. வளையலோடு சேர்த்து இரண்டு மணிக்கட்டையும் சுற்றிக் கட்டிவிட்டார். நடுவர் சுளுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

அம்மாவும் அத்தையும் முன்வரிசையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. பந்து வரும்போதெல்லாம் செல்வியின் கை பின்வாங்கியது. வளையலைக் காப்பாற்ற உள்ளங்கையை நெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முழங்கை விலகி, விலாப் பக்கம் தாராளமாக வழி கிடந்தது. அடுத்தடுத்து இரண்டு கோல். தேர்வாளர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இடைவேளையில் நான் கத்தினேன். "ஏட்டி, பந்தத் தடுக்கியா, வளையலக் காக்கியா?"

"ஒடஞ்சா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு அவருக்கு ஒரு சிராய்ப்புன்னாலும் என் தலையிலதான் விடியும்." கவசத்தைத் தூக்கி முகத்தைத் துடைத்தாள். "மூச்சு முட்டுதுட்டி. இங்கயும் கம்பி, அங்கயும் கம்பி."

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

மறுபாதியில் எதிரணிக்காரி ஒருத்தி என்னை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாள். எதிரே செல்வி மட்டும். பந்து தோள் உயரத்துக்கு வந்தது. செல்வியின் முழங்கை விலாவில் ஒட்டியது, உள்ளங்கை திரும்பியது, விரல் விரிந்தது. மணிக்கட்டில் நேராக அடி. வளையல் நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. அதற்கப்புறம் அவள் கை பின்வாங்கவே இல்லை, ஒரு கோலும் விழவில்லை. துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

ஆட்டம் முடிந்து பெயர்களை வாசித்தார்கள். கோல்கீப்பர் பாண்டிசெல்வி. நான் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. எழுந்து வரும் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துணியை அவிழ்த்துச் சில்லுகளைத் தட்டிவிட்டு, முந்தானையால் ரத்தத்தைப் பக்குவமாகத் துடைத்தார். பிறகு பையிலிருந்து புது வளையல்களை எடுத்தார்.

"திருஷ்டி கழிஞ்சுதுன்னு வச்சுக்கிடுவோம். டீமெல்லாம் இனி எதுக்கு? தையில நாள் குறிச்சாச்சு, ஒங்கப்பாவும் சரின்னுட்டாரு. கையக் குடு."

செல்வி அம்மாவைப் பார்த்தாள். செல்லக்கனி தரையைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்வி கையைத் தூக்கினாள். அத்தை வளையலை மாட்டப் போனார், விரலைத் தாண்டவில்லை. முழங்கை விலாவோடு இருந்தது. உள்ளங்கை அத்தையைப் பார்த்திருந்தது. அஞ்சு விரலும் அகல விரிந்திருந்தன.

"கையச் சுருக்குட்டி."

செல்வி சுருக்கவில்லை.

"எம்புட்டு நேரம் இப்படியே வச்சிருப்ப?"

"தெரியல அத்தை," என்றாள் செல்வி.