எண்பது வாட்ஸ் பயம்

பெரிய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைத் தின்றுவிடும் என்று நான் நம்பினேன். வாட்ஸ் குறையக் குறைய ஸ்பீக்கருக்கு ஆயுசு கூடும். ஐம்பதைத் தொடப்போகிற ஒருவன், யாருடைய உதவியும் இல்லாமல், தன் சொந்த மூளையால் கண்டுபிடித்த சித்தாந்தம் இது.

பழியைப் போட ஆள் இருக்கிறான். என் மச்சான். மனைவியின் தம்பி; போதாக்குறைக்கு எதிர்வீடு. நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களில் ஜாத்திரை என்கிற அம்மன் திருவிழா வந்தால் இவனுடைய சவுண்ட் செட்தான். எங்கள் தெருவில் யாரும் ஆம்ப்ளிஃபயரைக் கடையில் பார்த்தவர்கள் இல்லை. கங்கம்மா ஜாத்திரையில், வேப்பமரத்தடியில், இவன் காலடியில் சூடேறிக் கிடக்கும்போது பார்த்ததுதான். ஒரு வருஷம் பக்கத்து ஊர்க்காரனிடம் வீம்புக்கு நின்று, எப்போதும் வைப்பதைவிட இரண்டு மடங்கு பெரியதைக் கொண்டுவந்து மாட்டினான். அம்மனுக்குச் சோற்றைக் குவித்துக் கும்பம் கொட்டும் நேரத்தில் மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் இரண்டும் புகைவிட்டுச் செத்தன. அந்தப் புகை என் மண்டைக்குள் புகுந்து அங்கேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்தது.

ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் என் மகள் போனஸ் பணத்தில் எனக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கித் தந்தாள். பளபளவென்று மரப்பெட்டிகள். “ஆம்ப்ளிஃபயர் மட்டும் நீ பாத்து வாங்கிக்கோ நைனா. எரிச்சிடாத” என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெட்டியின் பின்னால் எண்பது வாட்ஸ் என்று போட்டிருந்தது. மின்கம்பத்து மண்டையோட்டுப் படத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தேன்.

திருப்பதியில் ஒரு கடைக்குப் போனேன். “ஏம் காவாலண்டி?” என்று, என்ன வேண்டுமெனத் தெலுங்கில் கேட்ட கடைக்காரர், நான் விழித்த விழியைப் பார்த்துத் தமிழுக்கு இறங்கினார்.

“ரெண்டு ஸ்பீக்கருக்கு ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வேணும். விலை கம்மியா.”

“ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ்?”

“எண்பது.”

“அப்ப இது எடுங்க. ஒரு பக்கத்துக்கு நூறு.”

“நூறா! எரிஞ்சிடாது?”

“வால்யூம் உங்க கையிலதானே சார் இருக்குது?”

“இதவிட சின்னது?”

“ஐம்பது.”

“அதவிட?”

பொம்மைக் கடை எதிர்ப்பக்கம் என்று சொல்லப்போகிறவர் போல என்னைப் பார்த்தார். பிறகு மேல்தட்டிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டப்பாவை எடுத்தார். பதினைந்து வாட்ஸ். “இது உங்க ஸ்பீக்கருக்குப் பத்தாது. அப்புறம் வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது.”

விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் திருடன் என்று எனக்குள் ஒரு துப்பறிவாளன் எழுந்து நின்றான். “எனக்கு இதான் வேணும்.”

“சரேலெண்டி” என்று டப்பாவை பில் மேசைப் பக்கம் தள்ளினார். தொலைந்து போ என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மச்சான். “இன்னா மாமா, டிபன் பாக்ஸ் வாங்கிக்கினு வர? சோறு எங்க?”

“உன்னுது மாதிரி பொகை வரக் கூடாதுன்னு வாங்கினேன்டா.”

“இத வெச்சிக்கினு எறும்புக்குக் கச்சேரி வைப்பியா?”

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் இத்தனை வருஷமாகச் சொன்ன ஒரு ஜோக்குக்கும் அப்படிச் சிரித்ததில்லை.

கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது. இடப்பக்கம் நாகஸ்வரம், வலப்பக்கம் தவில், நடுவில் நான். ஜாத்திரைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் தன் பெட்டிகளைத் தெருவில் அடுக்கினான். அத்தனையும் என் வாசலைப் பார்த்து. மைக்கில் அறிவிப்பு வேறு: “டெஸ்டிங் பண்ணிக்கினு கீறேன் மாமா. காது இருந்தா கேளு!”

எனக்கு ரத்தம் கொதித்தது. டப்பாவின் திருகை ஏற்றினேன். போதவில்லை. இன்னும் ஏற்றினேன். கடைசி வரைக்கும் திருகினேன். பயமே இல்லை, சின்னதுதானே, என்ன செய்துவிடும்? சற்று நேரத்தில் கரகரவென்று, தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். மச்சானுடைய பெட்டி கிழிகிறது என்று எனக்கு ஒரே ஆனந்தம். தொடையைத் தட்டிக்கொண்டே கேட்டேன்.

சமையலறையிலிருந்து மனைவி வந்து நின்றாள். “அவன் நிறுத்திட்டுத் துன்னப் போயி எவ்ளோ நேரம் ஆவுது. கத்திக்கினு இருக்கறது உன் டப்பாதான்.”

சத்தத்தைக் குறைத்தேன். இடப்பக்கத்து நாகஸ்வரம் கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல வந்தது.

சாயங்காலம் மகள் வந்து பெட்டியில் காதை வைத்தாள். “ட்வீட்டர் போச்சு நைனா.” மேலே இருக்கும் குட்டி ஸ்பீக்கர், மெல்லிய கூர்மையான ஒலியெல்லாம் அதிலிருந்துதான் வருமாம். “சின்ன ஆம்ப்ளிஃபயர அதோட சக்திக்கு மேல முறுக்கினா ஒலிய வெட்டி வெட்டி அனுப்பும். அந்தச் சூட்டுல ட்வீட்டர் எரிஞ்சிடும்.”

“ஜாத்திரையில பெருசு வெச்சப்பவும் எரிஞ்சிதேம்மா?”

“மாமா ஃபுல்லா வெச்சாரு, எரிஞ்சிது. நீயும் ஃபுல்லா வெச்ச, எரிஞ்சிது. ரெண்டு பேரும் ஒரே ரகம்.” பெட்டியை மறுபடி தொடாமல் உள்ளே போய்விட்டாள்.

நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் கடையிலேயே இருந்தது. பதினைந்து வாட்ஸ் டப்பாவை முழுக்கத் திருகி, மகள் வாங்கித் தந்த ஸ்பீக்கரின் இடது ட்வீட்டரை எரித்தது நான்.