அம்மா கண்டதும் அம்மா சொன்னதும்

கோதுமை மாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் ஒரு மணம் வரும். லேசான கசப்பும் புளிப்புமாக, புத்தகத்தை விரித்தவுடன் முகத்தில் ஏறும். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், ஒரு வாரப் பத்திரிகையில் வந்த சரித்திரத் தொடர்கதையை அப்பா கிழமைக்குக் கிழமை வெட்டியெடுத்து, சேர்த்துத் தைத்து, பூச்சி அரிக்காதிருக்க அந்தப் பசையைத் தடவி "பைண்ட்" பண்ணி வைத்திருந்தார். போருக்குப் பயந்து, கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் தாண்டி நாங்கள் கொழும்புக்கு வந்தபோது, அம்மா கொண்டுவந்த ஒரே பையில் எங்கள் சட்டைகளுக்கு அடியில் அது இருந்தது. அப்பா வரவில்லை. எனக்கு அப்போது மூன்று வயது, அக்காவுக்கு ஐந்து.

வெள்ளவத்தையில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிற ஒரு "ஃப்ளாட்"டில், நாங்கள் இருவரும் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதே அந்தப் புத்தகத்தில்தான். யாழ்ப்பாண அரசு வீழ்ந்த கதை அது. ராசா, பறங்கியர், காட்டிக்கொடுத்த மந்திரி என்று பலர் வந்து போனாலும் எங்களுக்கு முக்கியமானவள் செண்பகம். பகைவர் தலைநகர் நல்லூருக்கு வழி காணாதிருக்கக் கோயில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, குளக்கரையில் தனியே இருந்து, போருக்குப் போனவனை நினைத்து நினைத்து, விடியுமுன் தண்ணீரில் இறங்கியவள். அந்த இடம் வரும்போது அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்ப்பாள். "உண்மைதான் பிள்ளை. நடக்காததை ஏன் மினக்கெட்டு எழுதப்போகினம்?" என்பார் அம்மா. அந்தக் குளம் தன்னுடைய ஊர்க் குளம்தான் என்றும் சொல்வார்.

செண்பகத்தின் கதை முடிந்ததும் அப்பாவின் கதை வரும். அதையும் அம்மாதான் சொல்வார். அப்பா வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், போரால் மூடிய பாதை திறந்தவுடன் வந்துவிடுவார், ஒவ்வொரு நாளும் படுக்கும்போது எங்கள் இருவரின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். நான் அதைக் கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிடுவேன். அப்பாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் என் பெயரைச் சொல்லும் அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்கா ஏழாம் ஆண்டில் படித்தபோது, சமூகக்கல்வித் தவணைச் சோதனையில் யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அக்கா பேப்பர் பேப்பராக எழுதித் தள்ளினாள். விளக்குகளை அணைத்தது, குளக்கரையில் செண்பகம் நினைத்தது, எல்லாம். திரும்பி வந்த விடைத்தாளில் அந்தப் பக்கங்கள் முழுவதும் குறுக்கே சிவப்புக் கோடு. என் அக்கா சும்மா விடுகிற ஆளில்லை. அடுத்த நாள் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு போய் மிஸ்ஸின் மேசையில் வைத்தாள். மிஸ் கோபிக்கவில்லையாம். அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு, "ராசா இருந்தவர், சண்டை நடந்தது, நல்லூர் விழுந்தது. அதுக்கெல்லாம் குறிப்பு இருக்கு. இந்தப் பிள்ளை தனிய இருந்து நினைச்சதை ஆர் கண்டது? பக்கத்தில ஒருத்தரும் இல்லையெண்டு இதிலயே போட்டிருக்கு. அப்ப அது கதை எழுதினவர் நினைச்சது" என்றாராம். நல்ல கதைதான், வாசி, ஆனால் எங்கே வாசித்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள் என்றும் சொல்லி அனுப்பினாராம்.

அக்கா அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, அப்பா படுக்கேக்க எங்கட பேரைச் சொல்லுறவர் எண்டு சொன்னீங்கள். அவர் தனியத்தானே இருக்கிறார். அதை ஆர் கண்டது?"

அம்மாவின் கை நின்றது. ஏசுவார் என்று பயந்தேன். அவர் பாதித் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பக்கத்தில் இருத்தினார்.

"வள்ளத்தில ஆக்கள் கூடிப்போச்சு. பிள்ளையளைப் பிடிச்சுக்கொள், நான் அடுத்த வள்ளத்தில வாறன் எண்டு சொல்லிப்போட்டு அவர் கரையில நிண்டவர். அது நான் கண்டது. பிறகு, அவரைப் போல ஒராளை வவுனியாவில கண்டதெண்டு ஒரு மனிசன் சொன்னது. அது கேட்டது." துருவியதைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். "பள்ளிக்கூடம், உங்கட பேரைச் சொல்லுறது, அதெல்லாம் நான் சொன்னது."

அன்று அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கோ அக்காவின் மேல் சொல்ல முடியாத கோபம். இருந்த அப்பாவை அவள் ஒரு கேள்வியில் இல்லாமல் ஆக்கிவிட்டாள் என்றே பட்டது. அதன்பிறகு அம்மா அந்தக் கதையைச் சொல்லவேயில்லை. யாராவது விசாரித்தால் கரையில் நின்றதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். பாதை திறந்தது, மூடியது, போரும் முடிந்தது. அப்பா வரவில்லை.

இப்போது நான் வெள்ளவத்தையிலேயே ஒரு "டியூஷன்" வகுப்பில் வரலாறு படிப்பிக்கிறேன். கைபேசியில் சரித்திர நாவல் வாசித்துவிட்டு வந்து அதில் வரும் ராசகுமாரிக்காகச் சண்டை பிடிக்கிற பிள்ளைகளிடம், "இதை ஆர் கண்டது?" என்று கேட்பதுதான் என் தொழில். எது ஓலையிலும் கல்லிலும் இருக்கிறது, எது எழுதியவரின் மனதில் இருந்து வந்தது என்று அவர்கள் பிரித்துக் காட்டும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தப் பத்திரிகை நின்று வெகு காலமாகிறது. தொடர்கதையை வெட்டித் தைப்பவர்களும் இல்லை. நாங்கள் இருந்த மாடியை இடித்து, அதைவிட உயரமாக ஒன்று கட்டிவிட்டார்கள்.

போன வருடம் அம்மாவும் போய்விட்டார். கரையில் நின்ற அப்பாவைக் கண்டு நினைவில் வைத்திருந்தவர் எங்களில் அவர் ஒருவர்தான். இனி எங்களுக்கு அதுவும் கேட்டதுதான். கனடாவில் இருந்து வந்த அக்கா, முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு, அம்மாவின் கட்டிலில் இருந்தபடி கேட்டாள்.

"அப்பா படுக்கேக்க எங்கட பேரைச் சொல்லுறவர் எண்டு இனி ஆரடி எங்களுக்குச் சொல்லப்போகினம்?"

"சொல்லுறவர்தான் அக்கா. ஒவ்வொரு நாளும் சொல்லுறவர்" என்றேன், வரலாறு படிப்பிக்கிற நான்.