நன்றிக்கு ஒத்திகை

என் தம்பி மகள் நடந்துகொண்டே இருப்பாள்; திடீரென்று குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து மூச்சு வாங்குவாள். சற்றுப் பொறுத்து எழுந்து மறுபடியும் நடப்பாள். எங்கள் ஊர் இண்டூரில் பார்த்தவர்களெல்லாம் அடம் பிடிக்கிறாள் என்றே நினைத்தார்கள். "உன் மருமவ ராணியாட்டம் நடுரோட்ல உக்காந்துக்கறா, பின்னாடி வர டிராக்டர்காரன் என்ன பண்ணுவான்?" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு.

பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை என்று தர்மபுரியில் சொன்னார்கள். நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாயும் நூல் போலச் சிறுத்திருக்கிறது, சாதாரணமாகச் செய்கிற அறுவைச் சிகிச்சை இவளுக்குப் போதாது என்று சேலத்தில் சொன்னார்கள். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, அவர்களிடம் வரிசை நீளம், இவளால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்று சென்னையில் சொன்னார்கள். எங்கள் மாவட்டத்தின் குறுக்கே நாலுவழிச் சாலை ஓடுகிறது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் சற்று நேரத்தில் கிரேன் வந்து தூக்கிவிடுகிறது. ஒரு குழந்தையின் மார்பைத் திறந்து பார்க்க மட்டும் இங்கே ஆள் கிடையாது. அந்தக் கோபத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். அன்றன்று நடந்ததை அன்றன்றே வரிசையாக எழுதி வைப்பது என் பழக்கம். இதையும் வரிசை தப்பாமல் எழுதவே பார்க்கிறேன். இல்லையென்றால் கோபம் முன்னால் வந்து நின்றுகொள்ளும்.

பெங்களூரில் ஒரு மருத்துவமனை, பணக்கார நாடு ஒன்றோடு சேர்ந்து, இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து அந்த நாட்டுக்கே அனுப்புகிறது, தாயும் உடன் போகலாம், செலவு முழுவதும் அந்த நாட்டு அரசு தருகிறது என்று சேலத்து டாக்டர் சொன்னார். அந்த நாட்டின் பெயர் இங்கே தேவையில்லை. தேர்வு நாளுக்கு எங்களையும் அழைத்தார்கள். தம்பி லாரி ஓட்டுகிறவன். அப்போது நாக்பூர் பக்கம் போயிருந்தான். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று நானும் தம்பி மனைவியும் குழந்தையும் கிளம்பினோம்.

எங்கள் பக்கத்தில் பெரிய இடத்துக்குப் போகிற குழந்தையை யாரும் சும்மா அனுப்பமாட்டார்கள். எதிர் வீட்டில் ஒரு சங்கிலி கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் கொலுசு. பட்டுப்பாவாடையைத் தம்பி மனைவி வாங்கியே வைத்திருந்தாள். முகத்துக்குப் பவுடர், நெற்றிக்கும் கன்னத்துக்கும் மை. நீலம் பாரித்திருக்கும் உதட்டில் பெயர் தெரியாத ஒரு சிவப்புச் சாயம். "பெரிய டாக்டருங்க பாக்கறப்ப புள்ள அழகா இருக்கணும்ல அண்ணி" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மருத்துவமனையின் அந்த நடைபாதையைப் பார்த்ததும் எங்களைப் போலவே மற்றவர்களும் நினைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர், கோலார் பக்கத்துக் குடும்பங்கள். எல்லாக் குழந்தைகளும் பட்டும் நகையும் பூவுமாக, கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தன. சில குழந்தைகளின் விரல் நுனி கருநீலமாக இருந்தது. அதில் பளபளவென்று நகப்பூச்சு.

அங்கே எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். கதவைத் திறந்து எங்களைப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ தேவரே, கடவுளே. யாரும்மா இப்படி ஜோடிச்சுக் கூட்டிட்டு வரச் சொன்னது? உள்ள அந்த நாட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க. இவ்ளோ நகை போட்டவங்களுக்கு நாங்க எதுக்குத் தரணும்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"இது எரவல் நகைங்க" என்றாள் தம்பி மனைவி.

"அது போட்டோல தெரியுமாம்மா? கழட்டுங்க. முகத்தத் தொடைங்க. பழைய துணி இருந்தா மாத்துங்க, பேகா, சீக்கிரம்."

நடைபாதை முழுவதும் தாய்மார்கள் குழந்தைகளின் நகையைக் கழற்றினார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பஸ்ஸில் வாந்தி எடுத்தால் மாற்றலாம் என்று எடுத்து வந்திருந்த வெளுத்த கவுன் ஒன்று எங்கள் பையில் இருந்தது. கழிப்பறை வாசலில் வைத்து மாற்றினோம். உதட்டுச் சாயத்தைத் தம்பி மனைவி எச்சில் தொட்டு முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அடியிலிருந்த நீலம் தெரிந்தது.

உள்ளே போட்டோ எடுத்தார்கள். போட்டோ என்றால் சிரிக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். குழந்தை பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "சிரிக்காத கண்ணா" என்றாள் அந்தப் பெண். குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன் அத்த, நான் நல்லா சிரிக்கலயா?" என்று கேட்டாள்.

எங்கள் குழந்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். பாஸ்போர்ட் வந்தது. போகிற நாளுக்குக் காத்திருந்தோம். அவள் உட்காரும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. முன்பு கடை வரை நடந்து போய் ஒருமுறை உட்காருவாள். அப்புறம் வாசலைத் தாண்டுவதற்குள் உட்கார்ந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா மகனிடமிருந்து போன் வந்தது. அவன் அந்த நாட்டிலேயே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறான். அங்கே டிவியில் இது பற்றித்தான் பேச்சாம். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு நம் வரிப்பணம் எதற்கு, நம் குழந்தைகளே வரிசையில் நிற்கிறார்களே என்று கேட்கிறார்களாம்.

"சின்னம்மா, கோவிச்சுக்காதீங்க. அவங்க சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குதுங்க. இங்கயும் ஆபரேசனுக்கு ஆளுங்க காத்துட்டுதான் இருக்கறாங்க. நம்ம நாட்டுல ராக்கெட் வுடறோம், நம்ம புள்ளைங்கள நாமதான பாக்கணும்?"

"நீ படிச்ச நர்சிங் காலேஜ் யாரு காலேஜ்ரா?"

"கவர்மெண்ட் காலேஜ்ங்க."

"யாரு வரிப்பணம்? உன் மாமன் லாரிக்கு டீசல் போடறப்பல்லாம் கட்டற வரியும் அதுல இருக்குது. உன்ன இங்க படிக்க வெச்சோம். படிச்சு முடிச்ச கையோட அவங்க எடுத்துக்கிட்டாங்க. உங்க ஆஸ்பத்திரில உன்ன மாதிரி இன்னும் எத்தன பேரு?"

"நெறையப் பேருங்க. எங்க வார்டுலயே பாதி நம்ம ஆளுங்கதான்."

"அவங்க யாராச்சும் டிவில உக்காந்து, இந்தப் புள்ளைங்கள வளத்தி, படிக்க வெச்சு அனுப்பிச்சவங்களுக்கு நன்றின்னு சொன்னாங்களா?"

"சின்னம்மா, நான் என் சம்பளத்துக்கு வந்தேனுங்க. யாரும் என்னத் தூக்கிட்டு வரல" என்றான். அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ராக்கெட்டைப் பற்றி அவன் கேட்டதை நான் நம் ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அதைக் காரணம் காட்டி, வாசலைத் தாண்ட முடியாத ஒரு குழந்தையிடம் "உன் நாடு ராக்கெட் விடுகிறது, அதனால் நீ மூச்சு விடாதே" என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அந்த டிவியில் பேசியவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்கலாம். அவர்கள் யாரைக் கழித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம், மருத்துவமனையில் பார்த்த அந்தப் பெங்களூர்ப் பெண் போனில் பேசினாள். அங்கே எதிர்ப்பு வந்ததால் இந்த முறை பாதிக் குழந்தைகளுக்குத்தான் பணம் தருவார்களாம். ஒவ்வொரு குடும்பமும் சில வார்த்தை பேசி வீடியோ தர வேண்டும்; அதை அந்த நாட்டு மக்கள் பார்ப்பார்கள்; யாரை முதலில் அனுப்புவது என்பது அதைப் பொறுத்துத்தான். "மனசத் தொடற மாதிரி பேசச் சொல்லுங்க மேடம்" என்றாள். டாக்டர் இதயத்தைப் பார்த்து முடிவு செய்த பிறகு, முன்பின் தெரியாதவர்கள் வீடியோவைப் பார்த்து மறுபடியும் முடிவு செய்யப் போகிறார்கள்.

தம்பி வீட்டிலேயே என் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து நிறுத்தினோம். பெங்களூர்ப் பெண் திரையில் இருந்தாள். குழந்தை தாயின் மடியில் சாய்ந்திருந்தாள். தாய் தமிழில் சொல்ல வேண்டும். நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

"எங்க நாட்டு மக்கள் ஏன் உங்க குழந்தைக்குச் செலவு பண்ணணும்? இதான் அவங்க கேக்கற கேள்வி. சொல்லுங்கம்மா."

தம்பி மனைவி யோசித்தாள். "குடுக்கறதா வேண்டாமான்னு அவங்க வூட்ல அவங்க பேசிக்கறாங்க. அதுல நான் என்னத்தங்க சொல்றது?" என்றாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்துச் சொன்னாள்: "இவளுக்கு இன்னும் காது குத்தலைங்க. டாக்டரு வேண்டாம்னுட்டாரு. நல்லாயி வந்துச்சுன்னா எங்க கொலதெய்வம் கோயில்ல காது குத்தறோம். கெடா வெட்டு இருக்குதுங்க. அவங்க எல்லாரும் புள்ளகுட்டியோட வந்து சாப்புட்டுட்டுப் போவணும். தாய்மாமன் மொறைக்கு எங்கண்ணன் இருக்கறான், அவங்க ஒண்ணும் கொண்டு வர வேண்டியதில்லைங்க."

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பெங்களூர்ப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேடம், ஆடு வெட்றேன் விருந்து வெக்கிறேன்னா, வசதியானவங்கன்னு நினைப்பாங்க. அங்க ஆடு வெட்றதுன்னா வேற மாதிரி எடுத்துப்பாங்க. எங்களுக்கு வேற வழியே இல்ல, உங்களத்தான் கடவுளா நம்பியிருக்கோம், இந்த ஜென்மம் முழுக்க நன்றியா இருப்போம், அப்படி. நேத்து ஒரு அம்மா கைகூப்பிட்டு அழுதாங்க, அவங்க குழந்தை லிஸ்ட்ல மேல போயிடுச்சு. இந்தம்மா தமிழ்ல என்ன வேணா பேசட்டும். இங்கிலீஷ்ல நீங்க பாத்துக்கங்க."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எத்தனை குழந்தைகளை இப்படி அவள் மேலே ஏற்றிவிட்டிருப்பாளோ. நான் குழந்தையைப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாள்.

மறுபடியும் பதிவு ஆரம்பித்தது. தம்பி மனைவி முன்பு சொன்னதையே, இன்னும் மரியாதையாக, சாம்பார் கறி இரண்டுமே இருக்கும் என்பதைச் சேர்த்துச் சொன்னாள். நான் இங்கிலீஷில், எங்களுக்கு வேறு வழி இல்லை என்றேன். நீங்களே எங்கள் கடவுள் என்றேன். இந்தத் தாய் உங்கள் காலில் விழுகிறாள் என்றேன். குரல் நடுங்கியது, அது ஆத்திரத்தில் நடுங்கியது. பார்த்தவர்களுக்கு அழுகையாகத் தெரிந்திருக்கும்.

குழந்தை தாயோடு அந்த நாட்டுக்குப் போனாள். அறுவைச் சிகிச்சை நடந்தது. செய்த கைகளுக்கு என் நன்றி. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் திரும்பி வந்தபோது உதடு எங்களுக்கெல்லாம் இருப்பது போன்ற நிறத்தில் இருந்தது. தெருமுனை வரை ஓடி, நிற்காமல் திரும்பி வந்தாள். மற்றப் பாதிக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். காத்திருக்கிறார்கள் என்று பெங்களூர்ப் பெண் சொன்னாள்.

காதுகுத்துக்கு நாள் பார்த்த அன்று, தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த நாட்டில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ்ப் பெண் அவளுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, அதில் நான் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

"கால்ல வுழுவறேன்னா சொன்னேன் அண்ணி?"

"இல்லம்மா."

"நான் அவங்கள விருந்துக்குல்ல கூப்புட்டேன்."

"அப்படிச் சொல்லியிருந்தா புள்ள போயிருக்க மாட்டாம்மா."

"அது எனக்குத் தெரியுதுங்க. நீங்க பண்ணதத் தப்புன்னு சொல்லல." அவள் என் போனை எடுத்து என் கையில் வைத்தாள். "இப்பத்தான் புள்ள வந்துட்டாளே. நான் கூப்புட்டத இப்பச் சொல்லுங்க. நாள் பாத்தாச்சுன்னு சொல்லுங்க."

பெங்களூர்ப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "மேடம், அங்கிருந்து யாரு வரப்போறாங்க?"

"வராங்க, வரலை, அது அவங்க இஷ்டம். கூப்பிட்டோம்னு அவங்களுக்குப் போகணும். எந்தக் கோயில், என்னிக்கு, எத்தன மணிக்கு, புள்ளகுட்டியோட, கையில ஒண்ணும் கொண்டு வர வேண்டாம்னு."

"சரி மேடம், சொல்லிடறேன்."

சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். கோயில் பெயரைத் தப்பாகச் சொன்னாள். திருத்தி, முதலிலிருந்து இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.