ஒரு நொடி தாமதமாக விட்ட கை

என் அப்பாவின் அக்காவுக்குக் குடும்பத்தில் ‘ஜூடோ அத்தை’ என்று பெயர். இருபத்திரண்டு வயதில் அவர் ஒரு பார்சல் ஆபீசில் சேர்ந்தார். பொட்டலங்களை எடை போட்டு, முத்திரை குத்தி, தள்ளுவண்டியில் ஏற்றுகிற வேலை. எதிரே இருந்த சைக்கிள் கடையின் மாடியில் பெண்களுக்கு ஜூடோ வகுப்பு நடந்தது. ஒரு நாள் மழைக்கு அங்கே ஒதுங்கியவர், மாடியேறிப் பார்த்துவிட்டு அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

“உன் வாய்க்கே யாரும் பக்கத்துல வர்றதில்ல. இப்ப கையையும் பழக்கப் போறியாக்கா?” என்று அப்பா கேட்டாராம்.

“வாய் ஓய்ஞ்சா கை இருக்கட்டும்டா” என்றாராம் அத்தை.

மரத்தூள் அடைத்துத் தார்ப்பாய் போர்த்திய மெத்தைகள். ஒரு மூலையில் தையல் விட்டுத் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். அத்தையிடம் வேகம் இல்லை, உயரமும் இல்லை. ஆனால் பிடித்தால் உடும்புப்பிடி. “உனக்கு இருக்கறது அது ஒண்ணுதான், அத வச்சு பொழச்சுக்கோ” என்று பயிற்சியாளரே சொல்லிவிட்டார்.

அத்தைக்கு ஜோடியாகப் பயிற்சி செய்தவர், சீருடைகள் தைக்கும் கூடத்தில் வேலை பார்த்த ஒரு தையல்காரி. ஒல்லி என்பதாலும், தொழிலாலும் எல்லோரும் அவரை ‘ஊசி’ என்றே கூப்பிட்டார்கள். நாலு வருஷம் இருவரும் ஒன்றாகத்தான் மாடியேறினார்கள், ஒன்றாகத்தான் இறங்கினார்கள்.

வெளியூர்ப் போட்டி ஒன்று வந்தது. ஒருவரைத்தான் அனுப்ப முடியும். யார் என்று முடிவு செய்ய இருவரையும் மோதவிட்டார்கள். அத்தை ஊசியைக் கீழே சாய்த்து, வலது கையைத் தன் தொடைகளுக்கு நடுவில் இழுத்து, முழங்கையை நிமிர்த்திப் பூட்டினார். தாங்க முடியாதவர் இரண்டு தடவை தட்ட வேண்டும். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். அதுதான் சட்டம். ஊசி தட்டினார். பயிற்சியாளர் மறுபக்கம் நின்றதால் அவருக்கு அது தெரியவில்லை. அத்தை விட்டார், ஆனால் ஒரு நொடி தாமதமாக.

ஊசி கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து, தன் கையை வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

“தட்டினேனே, தெரியலையா?”

“தெரியலடி” என்றார் அத்தை.

போட்டிக்குப் போன அத்தை முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார். ஊசியின் கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்தபோது முழங்கை பாதி வளைந்த நிலையில் இறுகிப்போயிருந்தது. மெஷினில் துணியைத் தள்ளிக் கொடுக்க அந்தக் கை வரவில்லை. பட்டன் தைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறைக்கு அத்தையும் தினமும் கூடவே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா ஊசியின் மணிக்கட்டைப் பிடித்த விதம் அத்தைக்குப் பழக்கமானதாக இருந்தது. அதே பிடி, அதே கோணம். அந்த அம்மா மட்டும் கையைப் பார்க்காமல் ஊசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் ஊசி சொன்னார்: “நாளைலேர்ந்து நீ வராத. நீ உட்கார்ந்திருந்தா என் கை தானா இறுகிக்குது.”

அத்தை அப்புறம் போகவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்சல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு பிசியோதெரபி படிக்கச் சேர்ந்தார். வகுப்பிலேயே மூத்தவர். எலும்புகளின் பெயர்கள் மண்டையில் ஏறாமல் ஒரு தடவை பெயில் ஆனார். தேறியபின் ஒரே ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் வேலை. காலையில் ஜூடோவும் தொடர்ந்தது. ஆனால் முழங்கைப் பூட்டை மட்டும் அதற்குப்பின் யாருக்கும் போடவில்லை. கழுத்து வலி என்று வந்த அச்சக ஊழியர் ஒருவர்தான் எங்கள் மாமா. “கழுத்து சரியாகல, கல்யாணம் ஆயிருச்சு” என்பார்.

ஜூடோ வேலையில் பயன்பட்டது ஒரே ஒரு தடவை. இடுப்பில் ஆபரேஷன் ஆன லாரி டிரைவர் ஒருவர், ஜுர வேகத்தில் கட்டிலை விட்டு இறங்கி, வாக்கரைத் தூக்கி நர்ஸை அடிக்கப் போனார். அத்தை பின்னாலிருந்து அவரை அணைத்துப் பிடித்து, அவர் தன்மேல் விழும்படி தரையில் உட்கார்ந்தார். அவருடைய தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. அத்தையின் மணிக்கட்டு உடைந்தது. அடுத்த இரண்டு மாதம் தன்னோடு வேலை செய்த எல்லோரையும் திட்டித் தீர்த்தார்.

ஐம்பது வயதில் ஒரு நாள் நோயாளிகளின் பட்டியலைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஊசி உட்கார்ந்திருந்தார். இப்போது சொந்தத் தையல் கடை. வலது தோள் மேலே எழும்பவில்லை.

“வேற ஆள் இல்லையா?” என்று கேட்டார் ஊசி.

“இருக்காங்க. ஆனா அடுத்த வாரம்தான் வருவாங்க.”

ஊசி கையை நீட்டினார். தோளில் கை வைக்குமுன் அத்தை சொன்னார்: “அன்னிக்கு நீ தட்டினது எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் விடல.”

“தெரியும்.”

“எப்படி?”

“தட்டினதும் உன் பிடி கொஞ்சம் தளர்ந்துச்சு. அப்புறம் திரும்ப இறுகிச்சு. தெரியாதவ கை அப்படிப் பண்ணாது.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா கை நேராயிடுமா? தோளைப் பாரு. நான் போய்க் கடை திறக்கணும்.”

பதினாலு தடவை வந்தார். தோள் எழும்பியது, முழங்கை இருந்தபடியே இருந்தது. கடைசி நாளில், “என் மருமகளுக்கு முதுகு வலி, அனுப்பட்டுமா?” என்று கேட்டார். “அனுப்பு” என்றார் அத்தை. அவ்வளவுதான். இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. இதையெல்லாம் அத்தை என்னிடம் சொன்னது, ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டே.

இப்போது அத்தைக்கு அறுபத்து நாலு. ஓய்வு பெற்றபின், எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் வயதானவர்களுக்கு விழக் கற்றுக்கொடுக்கிறார். ஜூடோவில் அதற்கென்றே ஒரு பாடம் உண்டாம். தாடையை நெஞ்சோடு ஒட்டு, கையை ஊன்றாதே, உருண்டு போ. பதினொரு பேர் வருகிறார்கள். போன மாதம் நான் அத்தை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வகுப்பிலேயே மூத்தவரான பழைய பாங்க் குமாஸ்தா பேசினார். குரல் எனக்கே கேட்டது.

“டீச்சர், பாத்ரூம்ல விழுந்துட்டேன்.”

“தலை பட்டுச்சா?”

“இல்ல. நல்லாவே விழுந்தேன்!”

“சரி, முதல்ல தரையைத் துடைக்கச் சொல்லுங்க. நாளைக்கு வகுப்பு ஏழு மணிக்கு” என்று சொல்லிவிட்டு, அத்தை குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.